வெள்ளைச் சட்டையில் மொகிங்காக் கறை: என் அனுபவம்

மியான்மரின் யாங்கோன் நகரில் பள்ளிச் சீருடை வெள்ளைச் சட்டையும் பச்சை லுங்கியும். காலைச் சாப்பாடோ மொகிங்கா, அதாவது மீன் குழம்பில் போட்ட அரிசி நூடுல்ஸ். அந்த மீன் குழம்பில் மஞ்சளும் எண்ணெயும் சேர்ந்தே இருக்கும். மகன் சட்டையில் அது கொட்டியபோது, இரண்டையும் தனித்தனியாக எடுப்பது என்று முடிவு செய்தேன்.

முதலில் எண்ணெய். தேய்க்காமல் கரண்டியால் வழித்தெடுத்துவிட்டு, கறைமேல் கடலை மாவைத் தூவி வைத்தேன். மாவு எண்ணெயை உறிஞ்சித் திட்டுத் திட்டாகக் கட்டிக்கொண்டது. அதை உதறிவிட்டு, பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் போட்டுப் பச்சைத் தண்ணீரில் அலசினேன். வெந்நீர் மட்டும் கூடவே கூடாது.

அப்புறம் துணி சோப்பு. போட்டதும் மஞ்சள் கறை செங்கல் நிறத்துக்கு மாறும். சட்டை போச்சு என்று பயப்பட வேண்டாம். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறப்பொருள், சோப்பில் உள்ள காரம் (ஆல்கலி) பட்டால் சிவக்கும், எலுமிச்சைச் சாறு பட்டால் பழையபடி மஞ்சளாகிவிடும்.

மிச்சக் கறையை எடுத்தது வெயில்தான். குர்குமினுக்கு வெளிச்சம் ஆகாது. எலுமிச்சைச் சாறு தடவி, ஈரத்தோடு பால்கனிக் கொடியில், கறைப் பக்கம் வெயில் படும்படி போட்டேன். சாயங்காலம் உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது. மறுநாள் வெயிலில் அதுவும் போய்விட்டது.

மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம், வெயிலுக்குப் பஞ்சம். அப்போது மேகம் விலகும்போதெல்லாம் வெளியே போட்டு எடுக்க வேண்டியதுதான். கலர் துணிக்கு எலுமிச்சை வேண்டாம், சாயம் வெளுக்கும்.

இங்கே முகத்தில் பூசும் மரப்பட்டைச் சாந்தான தனாக்கா சட்டையில் பட்டால் இவ்வளவு பாடு இல்லை, தண்ணீரில் அலசினாலே போய்விடும்.