வசந்தம் வரும்வரை கம்பளியும் கொல்லையும்

குளிர் நாட்டில் முதல் பனி விழும் நாள் சந்தோஷமாகத்தான் போகும். படம் எடுத்து ஊருக்கு அனுப்புவோம். சிரமம் பிப்ரவரி, மார்ச்சில் வரும். பனி அழுக்காகிக் கிடக்கும், வெயில் அடித்தாலும் சூடு இருக்காது, மண் கல்லாக இருக்கும். இங்கே வட பாதி உலகத்து மாதங்களைச் சொல்கிறேன். தெற்கே குடியேறியவர்கள் 6 மாதம் தள்ளிப் படித்துக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் நிலத்தோடு வீடு பார்த்து, தோட்டம், கோழி என்று கனவோடு வந்திருக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த மாதங்களைக் காத்திருக்கும் காலமாக எண்ண வேண்டாம். நூல் வேலைக்கு வருடத்தில் இதுதான் நேரம். மண் இளகிய பிறகு உங்கள் கை உங்களுடையதாக இருக்காது. 50 டிகிரி அட்சரேகையில் டிசம்பர் கடைசியில் பகல் 8 மணி நேரம்தான், ஜூனில் 16. நீண்ட இரவுகளில் பின்னலும் நூற்பும், நீண்ட பகல்களில் மண்ணும் கால்நடையும் என்று பண்ணைக் குடும்பங்கள் வேலையைப் பிரித்துக்கொண்டதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

முதலில் கம்பளியைப் புரிந்துகொள்ளுங்கள். நம் கைக்குத் தெரிந்தது பருத்தி. பருத்தி நனைந்தால் உடம்போடு ஒட்டிக்கொண்டு சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம்வரை ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. இழை சுருள் சுருளாக இருப்பதால் இடையில் காற்று தங்கும், அந்தக் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. அதனால் பிள்ளைகளுக்குக் காலுறையும் தொப்பியும் கம்பளியில் இருக்கட்டும்.

பின்னத் தெரியாதவர்கள் நடுத்தரத் தடிமனில் வெளிர் நிறக் கம்பளி நூல் ஒரு கண்டும், 5 மில்லிமீட்டர் மூங்கில் ஊசி ஒரு ஜோடியும் வாங்குங்கள். கறுப்பு, கருநீல நூலில் விளக்கு வெளிச்சத்தில் கண்ணியே, அதாவது ஊசியில் நிற்கும் நூல் வளையமே, தெரியாது. பலர் அந்த ஒரு காரணத்துக்காகவே விட்டுவிடுகிறார்கள். உலோக ஊசியில் கண்ணி வழுக்கும், மூங்கிலில் நிற்கும். 30 கண்ணி ஏற்றி, முதலில் கற்கும் அடிப்படைப் பின்னலான நேர்ப்பின்னல் ஒன்றையே வரிசை வரிசையாகப் போட்டால் கழுத்துத் துணி வந்துவிடும். இரண்டாவதாகத் தொப்பி. அதைத் தலைச்சுற்றளவைவிட 5 சென்டிமீட்டர் குறைவாகப் பின்னுங்கள், இழுபட்டுப் பொருந்தும். அதற்கு முன் 10 சென்டிமீட்டர் சதுரம் ஒன்று பின்னி, அதில் எத்தனை கண்ணி இருக்கிறது என்று எண்ணிவிடுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் தொப்பி கூடையாகிப் போவதை அது ஒன்றுதான் தடுக்கும். கையில் குழந்தை இருப்பவர்களுக்குக் குரோஷா வசதி. ஒரே கொக்கி, ஒரே ஒரு திறந்த கண்ணி. பாதியில் போட்டுவிட்டு எழுந்தாலும் வரிசை முழுவதும் அவிழாது.

நூற்க ஆசை வந்தால் உடனே ராட்டை வாங்காதீர்கள். கையால் சுழற்றி நூற்கும் சிறு கருவியான தக்களி போதும். சீவித் தயாரான கம்பளிப் பட்டையாக வாங்குங்கள். தக்களியை ஒரு பக்கம் சுழற்றி இழை எடுத்து, அப்படி எடுத்த இரண்டு இழைகளை எதிர்ப்பக்கம் சுழற்றிச் சேர்த்தால் இருபுரி நூல். புரி, முறுக்கு, சிட்டம் என்று இந்த வேலைக்கான எல்லாச் சொல்லும் நம் மொழியிலேயே இருக்கிறது. பிள்ளைகளுக்கு அந்தப் பெயர்களைச் சொல்லியே கற்றுக்கொடுங்கள். நூலைச் சிட்டமாக, அதாவது பெரிய வளையமாக, சுற்றி வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துத் தொங்கவிட்டால் முறுக்கு அடங்கிவிடும்.

பக்கத்துப் பண்ணையில் செம்மறி ஆட்டின் மயிர்க் கத்தையைச் சும்மாவே கொடுப்பார்கள். பெரும்பாலும் வசந்தத்தில் கத்தரிப்பதால், இப்போது கிடைப்பது போன வருடத்தது. நான் முதலில் வாங்கிய கத்தையை வெந்நீரில் போட்டுவிட்டு, அலசுவதற்குக் குளிர்ந்த குழாய் நீரை மேலே திறந்துவிட்டுக் கசக்கினேன். முழுவதும் ஒரே கட்டியாக இறுகிப்போனது, மனம் ரொம்ப நொந்தது. கம்பளி இழையில் மீன் செதில் போல நுண்ணிய செதில்கள் உண்டு. கசக்கலும் திடீர்ச் சூடு மாற்றமும் அவற்றை ஒன்றோடொன்று பூட்டிவிடும். 60 டிகிரி அளவுக்குச் சூடான நீரும் பாத்திரம் கழுவும் திரவமும் போதும். அமிழ்த்தி, தொடாமல் விட்டு, அதே சூட்டில் நீரை மாற்றுங்கள். நீர் ஆறினால், மயிரிலிருந்து கரைந்து வந்த கொழுப்பு மறுபடியும் இழையில் படிந்துவிடும், ஆறும் முன்பே எடுத்துவிடுங்கள்.

இதையெல்லாம் தனியாக உட்கார்ந்து செய்ய வேண்டியதில்லை. பல ஊர்களில் நூலகத்திலேயே பின்னல் குழு கூடும். உள்ளூர் மொழி தடுமாறினாலும் தயங்காமல் போங்கள். விட்ட கண்ணியை எடுத்துக் காட்ட யாருக்கும் பேச்சு தேவைப்படுவதில்லை. இந்தப் பகுதியில் கடைசி உறைபனி எப்போது விழும் என்று சரியாகச் சொல்லக்கூடிய பெரியவர்களும் அங்கேதான் இருப்பார்கள்.

அந்தத் தேதிதான் விதை வேலைக்கு அடிப்படை. அதிலிருந்து பின்னோக்கி எண்ணி, மிளகாயை 8 முதல் 10 வாரம் முன்பும், தக்காளியை 6 முதல் 8 வாரம் முன்பும் வீட்டுக்குள் விதையுங்கள். மிளகாய் முளைக்க 25 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். முளைத்த பிறகு வெளிச்சம் முக்கியம். ஜன்னல் ஓரம் வைத்த நாற்று ஒளியைத் தேடி ஒல்லியாக நீண்டு சாய்ந்துவிடும்; விளக்கை ஒரு சாண் உயரத்துக்கும் கீழே இறக்கி, தினம் 14 முதல் 16 மணி நேரம் எரியவிடுங்கள். நடுவதற்கு முன் ஒரு வாரம், பத்து நாள் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வைத்துப் பழக்குங்கள். நிலத்தைக் கொத்த அவசரம் வேண்டாம். ஒரு பிடி மண்ணை அழுத்திப் பார்த்து, உருண்டை உதிராமல் அப்படியே நின்றால் இன்னும் ஈரம் அதிகம்.

கோழி இந்தக் குளிரில் வாங்க வேண்டாம், வசந்தத்தில் பார்க்கலாம். வளர்க்க அனுமதி உண்டா என்று உள்ளாட்சியில் இப்போதே கேட்டுவையுங்கள். வீட்டோடு கோழிகளும் வந்திருந்தால், முட்டை குறைவதைப் பார்த்து நோய் என்று பயப்படாதீர்கள். நன்றாக முட்டையிட 14 மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் தேவை. குளிருக்குப் பயந்து கூண்டின் காற்றுத் துளைகளை அடைக்காதீர்கள். உள்ளே தேங்கும் ஈரம்தான் கொண்டையை உறையவைத்துக் கருக்கும்.

பகல் நீளும்போது பின்னியதையெல்லாம் துவைத்து, தொங்கவிடாமல் தட்டையாகப் பரப்பிக் காயவையுங்கள். ஈரமோ வியர்வையோ மிஞ்சாமல், மூடி இறுகிய பெட்டியில் வையுங்கள். அந்துப்பூச்சியின் புழு அழுக்குக் கம்பளியைத்தான் முதலில் தின்னும். சந்தேகம் இருந்தால் பையில் கட்டி உறைபெட்டியில் சில நாள் வைத்து எடுக்கலாம். பாதியில் நிற்கும் பின்னலைத் தனிப் பையில் போட்டு, ஊசி அளவு, நூலின் பெயர், எத்தனையாவது வரிசை என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். அக்டோபரில் பையைத் திறக்கும்போது அதே வரிசையிலிருந்து தொடரலாம்.