சென்னையா பெங்களூரா: கணக்கு எங்கே சறுக்குகிறது

போன வாரம் ஊர்க்காரத் தம்பி ஒருவன் மொபைலில் ஒரு எக்செல் ஷீட்டைக் காட்டினான். "பாருங்கண்ணா, பெங்களூரு போனா மிச்சம்தான்." பால், தோசை, சினிமா டிக்கெட் எல்லாம் சரியாகவே எழுதியிருந்தான். அதிலெல்லாம் யாரும் ஏமாறுவதில்லை. 2018-ல் நான் கோட்டை விட்ட இடத்தில்தான் அவனும் விட்டிருந்தான்.

அட்வான்ஸை மறப்பது

அப்போது வேளச்சேரியில் எனக்கு வாடகை 20,000. பெங்களூரு பி.டி.எம். லேஅவுட்டில் 25,000. சம்பளம் 8,000 கூடியது. ஆக மாதம் 3,000 மிச்சம் என்று கிளம்பினேன்.

வீட்டுக்காரர் பத்து மாத அட்வான்ஸ் கேட்டார், இரண்டரை லட்சம். சென்னையில் திரும்பி வந்த 60,000, புரோக்கர் கமிஷனுக்கும் லாரிக்கும் சரியாகப் போனது. மனைவியின் நகையை அடகு வைத்தேன். 12 சதவீத வட்டி, மாதம் 2,500.

பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்து காலி செய்தபோது, 'பெயின்டிங்' என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார். ஒப்பந்தத்தில் மூன்றாம் பக்கத்தில் இருந்தது, கீழே என் கையெழுத்து. எனக்குப் பின் அங்கே குடிவந்தவர் ஆபீஸ் நண்பர். ஹால் சுவரில் என் மகள் கிரயானால் கிறுக்கிய யானை அப்படியே இருப்பதாகச் சொன்னார். இன்றும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

வட்டி 27,500, பெயின்டிங் 25,000. பதினொன்றால் வகுத்தால் மாதம் சுமார் 4,770. மிச்சம் பிடிக்கப் போனவன் மாதாமாதம் 1,770 கைக்காசு போட்டிருக்கிறேன்.

கடன் வாங்காமல் சேமிப்பிலிருந்து கொடுத்தாலும் எஃப்.டி. வட்டி போகிறதே, அதையும் வாடகையோடு கூட்டுங்கள். பெயின்டிங் பணத்தை எத்தனை மாதம் தங்குவீர்களோ அத்தனையால் வகுத்துச் சேருங்கள். அப்புறம் ஒப்பிடுங்கள்.

கரண்ட் பில்

சென்னை பில் இரண்டு மாதத்துக்கு, பெங்களூரு பில் ஒரு மாதத்துக்கு. இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்து, "சென்னையில் கரண்ட் டபுள்" என்று முடிவுகட்டியவர்கள் உண்டு.

தூரம்

கிலோமீட்டரைக் கேட்காதீர்கள், காலை ஒன்பது மணிக்கு எத்தனை நிமிடம் என்று கேளுங்கள்.

தரவரிசை

மத்திய அரசின் 2020 வாழ்வதற்கு எளிதான நகரங்கள் பட்டியலில், பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்டவற்றில் பெங்களூரு முதலிடம், சென்னை நான்காமிடம். 2024 கோடையில் அந்த முதலிடத்துக்காரர்கள் போர்வெல் வற்றி டேங்கருக்குக் காத்திருந்தார்கள். 2019-ல் சென்னைக்கும் அதே கதிதான். அதனால் ஊரின் தரவரிசையை விடுங்கள். நீங்கள் பார்க்கும் வீட்டுக்குக் காவிரிக் குழாய் இருக்கிறதா, லாரியா என்று வாட்ச்மேனிடம் கேளுங்கள், வீட்டுக்காரரிடம் வேண்டாம்.

வண்டி

தமிழ்நாட்டில் பதிவான வண்டியை 12 மாதத்துக்கு மேல் பெங்களூரில் ஓட்டுவதென்றால் மறுபதிவு செய்து, கர்நாடக ஆயுள் வரியும் கட்ட வேண்டும். என் பழைய பைக்குக்கு அந்த அலைச்சல் கட்டாது என்று சென்னையிலேயே விற்றுவிட்டுப் போனேன். நான் போட்டதில் அந்த ஒரு கணக்குதான் சரியாக வந்தது.