மண் பரிசோதனைக்கு மாதிரி எடுப்பது எப்படி? நான் தப்பு செய்த இடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்

எங்களுக்கு அவிநாசிப் பக்கம் மூன்றரை ஏக்கர். மேல்பக்கம் இரண்டு ஏக்கர் செம்மண், பள்ளத்தை ஒட்டிய கீழ்ப்பக்கம் ஒன்றரை ஏக்கர் கரிசல். முதல்முறை மண் பரிசோதனைக்குக் கொடுத்தபோது கரிமச்சத்து (மக்கிய தழை, எருவிலிருந்து வரும் கார்பன்) 0.91 சதவீதம், சாம்பல்சத்து (பொட்டாஷ்) ஹெக்டேருக்கு 700 கிலோவுக்கு மேல் என்று அறிக்கை வந்தது. மண் நன்றாகத்தானே இருக்கிறது என்று நம்பி, அந்த வருஷம் எருகூட அடிக்காமல் நிலக்கடலை விதைத்தேன். முப்பது நாளில் செடி மஞ்சளாக நின்றது. காயும் பாதிதான்.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா வந்து பார்த்தார். "எங்க கண்ணு மண்ணெடுத்தே?" என்று கேட்டார். காட்டினேன். "அது பட்டி கெடந்த எடமாச்சே" என்றார். அவர் சொன்னது சரி. ஆட்டுப்பட்டி அடைத்திருந்த மூலையில், நடக்கச் சுலபமாக இருந்த தடத்தோரமாகவே ஆறு இடத்தில் மண்ணை வழித்து எடுத்திருந்தேன். ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் விழுந்த மண்ணைக் கொடுத்தால் அறிக்கை அதைத்தான் சொல்லும். அடுத்த கோடையில் ஒழுங்காக எடுத்துக் கொடுத்தேன். அதே வயலில் கரிமச்சத்து 0.38, சாம்பல்சத்து 310.

ஏன் இவ்வளவு வித்தியாசம் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு ஹெக்டேரில் 15 சென்டிமீட்டர் ஆழம் வரை உள்ள மேல்மண் சுமார் 22 லட்சத்து 40 ஆயிரம் கிலோ என்று கணக்கு வைப்பார்கள். ஏக்கருக்குப் பார்த்தால் 9 லட்சம் கிலோ. அதிலிருந்து நாம் கொடுப்பது அரைக் கிலோ. அந்த அரைக் கிலோவிலும் கரிமச்சத்து பார்க்க எடுப்பது ஒரு கிராம் அளவுதான். ஆய்வுக்கூடம் எவ்வளவு துல்லியமாகச் செய்தாலும், அந்த ஒரு கிராமுக்குள் நம்முடைய மொத்த வயலும் இருக்கிறதா என்பது மாதிரி எடுக்கும் நம் கையில்தான் இருக்கிறது. அதனால் இந்தப் பதிவில் பாதிக்கு மேல் மாதிரி எடுப்பதைப் பற்றித்தான் இருக்கும்.

படி 1: வயலைப் பிரியுங்கள்

நிறம் மாறினால், மேடு பள்ளம் மாறினால், போன வருஷப் பயிர் மாறியிருந்தால் தனித்தனி மாதிரி. நான் செம்மண்ணுக்கு ஒன்று, கரிசலுக்கு ஒன்று எடுக்கிறேன். இரண்டையும் கலந்து கொடுத்தால் வருகிற எண் இரண்டு வயலுக்கும் பொருந்தாது.

ஏற்கெனவே மண்வள அட்டை வைத்திருக்கிறோமே என்று சிலர் நினைக்கலாம். 2015 பிப்ரவரி 19 அன்று ராஜஸ்தானின் சூரத்கரில் மத்திய அரசு தொடங்கிய திட்டம் அது. மொத்தம் 12 விஷயம் பார்த்துத் தருவார்கள், நல்ல திட்டம். ஆனால் அதில் பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒன்று, மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒன்று என்று கட்டம் பிரித்து மாதிரி எடுத்தார்கள். அதாவது அட்டையில் இருக்கிற எண், நமக்கு மூன்று வயல் தள்ளி எடுத்த மண்ணுடையதாகக்கூட இருக்கலாம். ஊரின் பொது நிலை தெரிந்துகொள்ள அட்டையை வைத்துக்கொள்ளுங்கள், நம் வயலுக்கு உரம் போடுவதற்குத் தனியாக ஒருமுறை கொடுங்கள்.

படி 2: எடுக்கக் கூடாத இடம், எடுக்கக் கூடாத நேரம்

வரப்போரம், வாய்க்கால் ஓரம், மரத்தடி, எருக்குழி இருந்த இடம், கட்டுத்தரை, பட்டி கிடந்த இடம், தண்ணீர் தேங்கும் இடம் இதெல்லாம் வேண்டாம். உரம் போட்டுக் கொஞ்ச நாளே ஆன வயலும் வேண்டாம். அறுவடை முடிந்து அடுத்த உழவுக்கு முன், காடு காய்ந்து கிடக்கும் சித்திரை வைகாசிதான் எங்கள் பக்கத்துக்குத் தோது.

படி 3: வி வடிவக் குழி

நான் சறுக்கியது இந்தப் படியில்தான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

வயலுக்குள் குறுக்கும் நெடுக்குமாக வளைந்து வளைந்து நடந்து 10 முதல் 15 இடம் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு இடத்திலும் மேலே கிடக்கும் சருகையும் புல்லையும் மட்டும் கையால் ஒதுக்குங்கள், மண்ணைச் சுரண்டிவிடாதீர்கள். மண்வெட்டியால் இரண்டு பக்கமும் சாய்வாக வெட்டி வி மாதிரி ஒரு குழி பறியுங்கள். பறித்த மண் நமக்கு வேண்டாம், வெளியே தள்ளிவிடலாம். இப்போது குழியின் ஒரு பக்கச் சுவரிலிருந்து, மேலிருந்து அடிவரை ஒரே சீராக, கட்டைவிரல் கனத்துக்கு ஒரு சீவல் எடுங்கள். அந்தச் சீவல்தான் மாதிரி.

மேலிருந்து அடிவரை ஒரே கனம் என்பது ஏன் முக்கியம் என்றால், உரமும் எருவும் இலைச்சருகும் விழுவது மேலேதான். மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், விழுந்த இடத்தை விட்டுச் சுலபத்தில் நகராது. மேல் இரண்டு அங்குலத்தை மட்டும் வழித்தால் எல்லாமே கூடுதலாகக் காட்டும். சீவல் மேலே தடிமனாகவும் அடியில் மெல்லிசாகவும் இருந்தாலும் இதே தப்புதான், கொஞ்சம் குறைவான அளவில்.

ஆழம் பயிரைப் பொறுத்தது. நெல், கேழ்வரகு, கம்பு, நிலக்கடலைக்கு 15 சென்டிமீட்டர். பருத்தி, கரும்பு, வாழை, மரவள்ளி, காய்கறிக்கு 22.5. தென்னை, மா மாதிரி மரப்பயிருக்கு 30, 60, 90 என்று மூன்று ஆழத்திலும் தனித்தனியாக எடுக்க வேண்டும். ஒரு குச்சியில் 15-க்கும் 22.5-க்கும் பெயின்ட்டால் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கண் மதிப்பில் முதல் குழி சரியாக வரும், பத்தாவது குழிக்கு வெயில் ஏறியிருக்கும், ஆழம் தன்னால் குறைந்துவிடும்.

கருவி விஷயத்தில் என் கருத்து: மண் குடைந்து எடுக்கும் குழாய் வாங்காதீர்கள். ஈரம் உள்ள கரிசலில் அது அழகாக இறங்கும். காய்ந்த செம்மண்ணில், அதுவும் சுக்காங்கல் (சுண்ணாம்புக் கல்) இருக்கும் காட்டில் நாலு விரல்கூட இறங்காது. மண்வெட்டியும் ஒரு களைக்கொத்தும் போதும். இரும்பு, துத்தநாகம் மாதிரி நுண்ணூட்டமும் பார்க்கக் கொடுப்பதாக இருந்தால் குழியை மண்வெட்டியால் வெட்டி, சீவலை மட்டும் மூங்கில் பத்தையால் எடுங்கள், துருப்பிடித்த இரும்பு மண்ணில் உரசினால் இரும்புச்சத்துக் கணக்கு கெடும்.

(பின்னர் சேர்த்தது: இதைப் படித்துவிட்டு ஒரு சகோதரி எழுதியிருந்தார், எல்லாம் சரியாகச் செய்தும் துத்தநாகம் மட்டும் நம்ப முடியாத அளவுக்கு வந்ததாம். மண்ணை எதில் சேகரித்தீர்கள் என்று கேட்டேன். தகர வாளி. அந்த வாளிக்குப் பூசியிருப்பதே துத்தநாகம். பிளாஸ்டிக் பக்கெட் மட்டும் பயன்படுத்துங்கள். உரச்சாக்கு, உர வாளி கூடவே கூடாது, எத்தனை தடவை கழுவினாலும்.)

படி 4: எட்டுக் கிலோவை அரைக் கிலோவாக்குவது

15 குழியிலும் எடுத்தால் ஏழு எட்டுக் கிலோ சேரும். அதிலிருந்து இரண்டு கை அள்ளிப் பையில் போட்டுவிடக் கூடாது. சுத்தமான தார்ப்பாய் மேல் கொட்டி, கட்டியை உடைத்து, கல்லையும் வேரையும் பொறுக்கிவிட்டு நன்றாகக் கலந்து, வட்டமாகப் பரப்புங்கள். கூட்டல் குறி மாதிரி கோடு போட்டு நாலு பங்காக்குங்கள். எதிரெதிரே இருக்கும் இரண்டு பங்கைத் தள்ளிவிட்டு, மீதி இரண்டைக் கலந்து மறுபடியும் பரப்புங்கள். எட்டு நாலாகும், நாலு இரண்டாகும், இரண்டு ஒன்றாகும், ஒன்று அரையாகும். நாலு சுற்று, கால் மணி நேரம். மூன்றாவது சுற்றில் போதும் என்று தோன்றும், விடாமல் நாலாவதையும் முடித்துவிடுங்கள்.

சுக்காங்கல்லைப் பொறுக்கிப் போடுங்கள், நொறுக்கி மண்ணோடு சேர்க்காதீர்கள். அது சுண்ணாம்பு. பொடியானால் மண்ணின் சுண்ணாம்பு அளவு இருப்பதைவிடக் கூடித் தெரியும்.

படி 5: நிழலில் உலர்த்துவது

வெயிலில் போடாதீர்கள், அடுப்போரமும் வேண்டாம். நிழலில் காகிதம் விரித்துப் பரப்பினால் இரண்டு மூன்று நாளில் உலரும். அப்புறம் துணிப்பை. பைக்குள் ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு: பெயர், சர்வே எண், எடுத்த தேதி, ஆழம், போன பயிர், போடப்போகும் பயிர், பாசனம் உண்டா இல்லையா. பேனா வேண்டாம், பென்சிலில் எழுதுங்கள், ஈரம் பட்டாலும் அழியாது. ஈரமண்ணைப் பாலித்தீன் பையில் கட்டி ஒரு வாரம் வண்டியிலேயே வைத்திருந்ததாக ஒருவர் சொன்னார். ஈரமும் சூடும் இருந்தால் உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் வேலையை நிறுத்துவதில்லை, தழைச்சத்துக் (நைட்ரஜன்) கணக்கு மாறிவிடும்.

அறிக்கை வரும்வரை வீட்டில் செய்து பார்க்க

காய்ந்த மண்கட்டி ஒன்றை நெல்லிக்காய் அளவுக்கு எடுத்து, கண்ணாடி டம்ளரில் மழைத்தண்ணீர் ஊற்றி மெதுவாக உள்ளே விடுங்கள். போட்டதும் பொலபொலவென்று சரிந்தால், மண்ணைப் பிடித்து வைக்கும் பசை குறைவு. அந்தப் பசையைச் செய்வது வேர்கள், பூசண இழைகள், பாக்டீரியா, மண்புழு எல்லாம் சேர்ந்துதான். தோட்டத்துக் கட்டி அரை நிமிஷத்தில் சரிந்தது, வேலியோரம் பல வருஷமாக உழாமல் புல் கிடக்கும் இடத்துக் கட்டி பத்து நிமிஷம் நின்றது. ஒரே செம்மண், பத்தடி தூரம். மழை பெய்தால் எந்த மண் தண்ணீரைக் குடிக்கும், எது மேலே சேறாகிப் பொருக்குத் தட்டும் என்று இதிலேயே தெரிந்துவிடும். இத்தனை வருஷம் உழுதும் இதைக் கவனிக்கவில்லையே என்று அன்றைக்கு மனசுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

கட்டியைச் சுற்றித் தண்ணீர் பால் மாதிரி கலங்கி, மணிக்கணக்கில் தெளியாமல் நின்றால் அது வேறு விஷயம். சோடியம் கூடிய களர் நிலமாக இருக்கலாம்.

அடுத்து, மண்மேல் கொஞ்சம் வினிகர் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு மண். கழிவறை கழுவும் ஆசிட்டில் இதைச் செய்யச் சொல்லும் வீடியோக்கள் இருக்கின்றன, தயவுசெய்து வேண்டாம். இரண்டு கம்பியை மண்ணில் குத்தினால் பி.எச். (மண்ணின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் எண்) காட்டும் என்று இணையத்தில் விற்கும் சாமானும் வேண்டாம், ஒரே குழியில் மூன்று தடவை குத்தி மூன்று எண் பார்த்தேன்.

படி 6: அறிக்கையைப் படிப்பது

என் செம்மண்ணுக்கு வந்தது இது: பி.எச். 8.3, மின் கடத்தும் திறன் 0.3, கரிமச்சத்து 0.38 சதவீதம், தழைச்சத்து 190, மணிச்சத்து 16, சாம்பல்சத்து 310.

மின் கடத்தும் திறன் 1-க்குக் கீழே இருந்தால் உப்புப் பிரச்சினை இல்லை. தழைச்சத்து 280-க்குக் கீழே என்றால் குறைவு. மணிச்சத்து 11-க்குக் கீழே குறைவு, 22-க்கு மேல் அதிகம். சாம்பல்சத்து 118-க்குக் கீழே குறைவு, 280-க்கு மேல் அதிகம். இந்த மூன்று சத்தும் ஹெக்டேருக்குக் கிலோவில். ஏக்கருக்கு வேண்டுமானால் 2.47-ஆல் வகுக்க வேண்டும். (இதை நான் முதலில் எழுதாமல் விட்டதால், ஹெக்டேருக்கான உரத்தை ஒரு தம்பி ஏக்கருக்குப் போட்டுவிட்டார். பரிந்துரையிலும் ஹெக்டேருக்கா ஏக்கருக்கா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.)

பி.எச். 8.3 என்றதும் ஜிப்சம் அடிக்கச் சொல்லிப் பலர் வருவார்கள். எங்கள் பக்கத்துச் சுண்ணாம்பு மண்ணில் 8.2, 8.3 வருவது சகஜம். சுண்ணாம்பு இருக்கும்வரை அது அங்கேயேதான் நிற்கும், ஜிப்சத்தால் இறங்காது. ஜிப்சம் சீர்திருத்த மருந்தாக வேலை செய்வது, 8.5-க்கு மேல் போய் சோடியமும் கூடிய களர் நிலத்தில்தான். அங்கேயும் ஜிப்சம் போட்டுத் தண்ணீர் கட்டி வடித்தால்தான் சோடியம் வெளியேறும். நிலக்கடலைக்கு 40, 45 நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைக்கிறோமே, அது காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச்சத்துக்கும் கந்தகத்துக்கும். அதை நிறுத்த வேண்டாம்.

என் கடலை மஞ்சளானதற்குக் காரணமும் இந்தச் சுண்ணாம்புதான். மண்ணில் இரும்பு இருக்கும், ஆனால் இந்தப் பி.எச்.சில் வேர் எடுக்கிற மாதிரி கரையாது. கண்டுபிடிப்பது எளிது: தழைச்சத்துக் குறைவு என்றால் அடி இலை முதலில் வெளுக்கும். இரும்புக் குறைவு என்றால் கொழுந்து இலை வெளுக்கும், நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். நான் யூரியா போட்டு பத்து நாளை வீணாக்கினேன். அன்னபேதியை (இரும்பு சல்பேட்) மண்ணில் போட்டாலும் சுண்ணாம்பு அதைக் கட்டிவிடும். பத்து லிட்டர் டேங்குக்கு 100 கிராம் கரைத்து, சாயங்காலமாக இலையில் அடியுங்கள், பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தடவை.

கடைசியாகக் கரிமச்சத்து. 0.5-க்குக் கீழே குறைவு. 0.38-ஐ 0.5 ஆக்க ஏக்கருக்கு எவ்வளவு கரிமம் வேண்டும்? 9 லட்சம் கிலோவில் 0.12 சதவீதம், அதாவது ஆயிரம் கிலோவுக்கு மேல், அதுவும் மண்ணிலேயே தங்க வேண்டும். நாம் போடும் எருவில் பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் தின்று மூச்சாக வெளியே விட்டுவிடும், நம் ஊர் வெயிலுக்கு இன்னும் வேகமாக. அதற்காக அந்த எரு வீணானது என்று அர்த்தமில்லை, அவை தின்னும்போதுதான் தழைச்சத்து பயிருக்குக் கிடைக்கிறது, டம்ளரில் கட்டியை நிற்க வைக்கும் பசையும் உண்டாகிறது. ஆனால் ஒரே வருஷத்தில் அறிக்கையில் எண் ஏறவில்லை என்று எருவை நிறுத்திவிடாதீர்கள். நான் மூன்று வருஷமாகப் பசுந்தாள் உரத்துக்கான சணப்பு விதைத்துப் பூ எடுக்கும் சமயத்தில் மடக்கி உழுகிறேன், கடலைக்கொடி ஆடு தின்றது போக மீதி காட்டுக்கே வருகிறது, உழவையும் ஒன்று குறைத்திருக்கிறேன். போன கோடையில் 0.44.

(இன்னொரு சேர்க்கை: வேர்முடிச்சு இருந்தும் கடலை வெளுப்பாக இருக்கிறது என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். 35, 40 நாள் செடி ஒன்றை வேரோடு மண்வெட்டியால் தூக்குங்கள், பிடுங்கினால் முடிச்சு மண்ணிலேயே அறுந்துவிடும். முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே ரோஸ் நிறமாக இருந்தால் அது காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. அடுத்த போகத்துக்கு விதையில் ரைசோபியம் (வேர்முடிச்சு உண்டாக்கும் பாக்டீரியா) கலந்து, நிழலில் உலர்த்தி விதையுங்கள்.)