பாதியில் நிற்கும் டட்டூவை வேறு ஆளிடம் கொடுக்கும்போது

கோடு கோணலாகி, மை ஓரத்தில் நீலமாகக் கசிந்திருந்தால், மிச்சத்தையும் அதே ஆளிடம் முடிக்கக் கட்டாயமில்லை. கட்டிய முற்பணம் போனால் போகட்டும்.

ஆனால் புது ஆளைத் தேடி அடுத்த நாளே வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ பஸ் ஏறாதீர்கள். மை இறங்குவது உள்தோலில். மேல்தோல் ஆற இரண்டு மூன்று கிழமை பிடிக்கும், உள்ளே ஆற இன்னும் கூட. ஆறாத இடத்தில் திரும்பக் குத்தினால் தழும்பாகிவிடலாம். ஆறு கிழமையாவது விடுங்கள். முழுதாக ஆறும்வரை குளத்துக் குளிப்பு வேண்டாம், இரணைமடுவானாலும் சரி. வயல் வேலை என்றால் தளர்வான நீளக்கைச் சட்டை. பொருக்கைக் கிள்ளவே கூடாது.

புது ஆளுக்கு வட்ஸ்அப்பில் படம் அனுப்பும்போது ஃபில்டர் போடாமல், பகல் வெளிச்சத்தில், அந்தக் கசிவு தெரியவே எடுங்கள். அப்புறம், அவர் குத்தி ஒரு வருடமான டட்டூ ஒன்றின் படத்தைக் கேளுங்கள். குத்தின அன்றைக்கு எல்லாமே அழகுதான்! கோணல் கோட்டைத் தடிப்பாக்கி மறைக்கலாம். மெல்லியதாக்க வேண்டுமென்றால் லேசர்தான், அதற்குச் செலவு வேறு.

இடையில் சூடாகி வீங்கிச் சீழ் வைத்தால் டட்டூக்காரரைத் தேடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.