என்.எஃப்.எஸ். கிளையன்ட் நிரல்: எர்ரர் மீட்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எந்தக் கோப்பு திறந்திருக்கிறது, எந்த லாக் (கோப்பின் மீதான பூட்டு) யாரிடம் இருக்கிறது என்பதையெல்லாம், நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிரும் நெறிமுறையான என்.எஃப்.எஸ்.-இன் 4-ஆம் பதிப்பில் சர்வர் நினைவில் வைத்திருக்கும். சர்வர் ரீபூட் ஆனால் அந்த நிலையைத் திரும்பக் கட்டுவது கிளையன்டின் பொறுப்பு. எந்த எர்ரர் வந்தாலும் ஒரே மீட்பை ஓட்டுவதுதான் பெரும்பாலான பிழைகளுக்கு வேர்.

சர்வர் தரும் எர்ரர்களில் டிலே (10008, ‘சற்றுப் பொறு’), கிரேஸ் (10013, ரீபூட்டுக்குப் பின் பழைய நிலையை மீட்க ஒதுக்கிய காலம்) வந்தால் எதுவும் பறிபோகவில்லை. பொறுத்திருந்து அதே கோரிக்கையை மறுபடி அனுப்பினால் போதும். லினக்ஸ் கிளையன்ட் 0.1 விநாடியில் தொடங்கிக் காத்திருப்பை இரட்டிப்பாக்கிக்கொண்டே போகும். உச்சவரம்பு 15 விநாடி. இடைவெளி விடாத நிரல், திணறும் சர்வரை இன்னும் நெரிக்கும்.

ஸ்டேட்ஐடி என்பது ஓப்பன் அல்லது லாக் நிலைக்குச் சர்வர் தரும் அடையாளம். ஓல்டு ஸ்டேட்ஐடிக்கும் (10024) மீட்பு வேண்டாம். ஒரே கோப்பில் இரண்டு ஓப்பன்கள் ஒன்றாகப் போகும்போது, சர்வரின் வரிசை எண் நம்மைத் தாண்டியிருக்கும். புதிய ஸ்டேட்ஐடியோடு அனுப்பினால் தீர்ந்தது. பேட் ஸ்டேட்ஐடி (10025) வேறு விஷயம். ஒரு த்ரெட் மீட்பை முடித்துவிட்டது. அதற்கு முன்பே இன்னொரு த்ரெட் அனுப்பிய ரைட் (எழுதும்) கோரிக்கைக்கு இப்போதுதான் 10025 வந்து சேர்கிறது. உடனே மீட்பைத் தொடங்கினால் நல்ல நிலையும் கலைந்து, சுற்று ஓயாது. அனுப்பிய ஸ்டேட்ஐடியைக் கையில் இருப்பதோடு முதலில் ஒப்பிட வேண்டும். வேறாக இருந்தால் மறுபடி அனுப்பினாலே போதும். ஒன்றாக இருந்தால் மட்டுமே மீட்பு.

மீட்பு முடியும்வரை காத்திருக்கும் ஃபங்ஷனை மீட்புத் த்ரெட்டே அழைத்தால் டெட்லாக்: தனக்காகவே காத்து நின்றுவிடும். அந்தப் பாதையில் ஜிஎஃப்பி கெர்னல் (லினக்ஸ் கெர்னலின் சாதாரண மெமரி ஒதுக்கீட்டு வகை) ஒதுக்கீடும் ஆபத்து: மெமரி குறைந்தால் அது கோப்பமைப்புக்குள்ளேயே திரும்பி நுழையும், அங்கே நடக்க வேண்டிய எழுத்தோ மீட்புக்காகக் காத்திருக்கும். அப்படி நுழையாத ஜிஎஃப்பி நோஎஃப்எஸ் போடுங்கள்.

மிக மோசமான தவறு, லீஸ் (நிலையை வைத்திருக்க சர்வர் தரும் கால அவகாசம்) காலாவதியான (10011) பிறகு லாக்கைச் சத்தமில்லாமல் திரும்ப எடுப்பது. ரீபூட்டுக்குப் பிந்தைய கிரேஸ் காலத்தில் சர்வர் புதிய லாக் எதையும் தராது, அதனால் ரீகிளைம் (பழைய லாக்கைத் திரும்பக் கேட்பது) பாதுகாப்பானது. காலாவதியில் அந்தக் காப்பு கிடையாது. இடையில் வேறொருவர் லாக்கை எடுத்து, எழுதி, விட்டுப் போயிருக்கலாம். லினக்ஸில் ‘ரிகவர் லாஸ்ட் லாக்ஸ்’ அமைப்பு இயல்பாக 0-வில் இருப்பது இதனால்தான். பயன்பாட்டுக்கு இஐஓ (உள்ளீடு/வெளியீட்டுப் பிழை) கொடுங்கள். தரவு கெடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

இதைச் சோதிக்க சர்வரை ரீபூட் செய்வது போதாது. லினக்ஸ் சர்வரின் இயல்பான 90 விநாடி லீஸைத் தாண்டி நெட்வொர்க்கைத் துண்டித்தும் பயனில்லாமல் போகலாம்: லினக்ஸ் 5.19 முதல், வேறொரு கிளையன்ட் போட்டிக்கு வரும்வரை சர்வர் பழைய நிலையை வைத்திருக்கும். சர்வரின் பிராக் (/proc) கோப்பமைப்பில் அந்தக் கிளையன்டுக்குரிய ‘சிடிஎல்’ கோப்பில் ‘எக்ஸ்பயர்’ என்று எழுதுங்கள். நிலை அங்கேயே அழியும். கிளையன்ட் ரீபூட் என்று நினைத்து ரீகிளைமுக்குப் போனால் நோ கிரேஸ் (10033, ‘கிரேஸ் காலம் இல்லை’) வாங்கும். உங்கள் நிரல் அங்கே லாக்கை இழந்ததாகக் குறிக்கிறதா என்று பாருங்கள்.