வலுக்குறைந்த கட்டுப்பாட்டுச் சீரம் சரிந்தபோது

பாளையங்கோட்டையில் நான் பணியாற்றும் ஆய்வகத்தில், டெங்கு ஐஜிஎம் எலிசா சோதனையில் (டெங்குவுக்கு எதிராக இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைக் கண்டறிவது), சோதனை சரியாக நடக்கிறதா என்று பார்க்கக் கிட்டுடன் வரும் நேர்மறைக் கட்டுப்பாடு ஒவ்வொரு முறையும் தேறிவிட, நாங்கள் தனியே வாங்கிச் சேர்த்த வலுக்குறைந்த நேர்மறைச் சீரம் மட்டும் கட்டுப்பாட்டின் அளவை ஓட்டத்துக்கு ஓட்டம் குறித்துவரும் லீவி–ஜென்னிங்ஸ் வரைபடத்தில் ஆறு ஓட்டங்களாகப் படியிறங்கிக்கொண்டே வந்தது. வெட்டுப்புள்ளியோடு (நேர்மறை, எதிர்மறை என்று பிரிக்கும் எல்லை அளவு) ஒப்பிட்ட விகிதம் 2.1-இலிருந்து 1.5-க்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கிட்டின் கட்டுப்பாடு மிகவும் வலுவானது என்பதால் சிறு சரிவு அதில் எளிதில் தெரியாது. வெட்டுப்புள்ளியை ஒட்டிய மாதிரியில்தான் அது முதலில் தெரியும்.

சோதனைத் தட்டைக் கழுவும் வாஷரையும் பிப்பெட்டையும் சந்தேகித்து இரண்டு நாட்களை வீணாக்கினேன். சித்திரை வெயிலையும் விட்டுவைக்கவில்லை. பிறகு அதே லாட்டில் (தயாரிப்புத் தொகுதியில்) திறக்காத குப்பி ஒன்றை ஓட்டியதும் மீண்டும் 2.1 வந்தது. ஒரே குப்பியை ஓட்டத்துக்கு ஓட்டம் உருக்கி, மறுபடி உறைய வைத்ததுதான் வினை; போதாக்குறைக்கு, அதை வைத்திருந்த உறைபெட்டி தானாகப் பனி உருக்கும் வகை, அவ்வப்போது உள்ளே சூடேறும்.

இப்போது புதுக் குப்பி வந்ததும் 100 மைக்ரோலிட்டராகச் சிறு குழல்களில் பிரித்து, லாட் எண்ணும் தேதியும் எழுதி, தானாகப் பனி உருக்காத உறைபெட்டியில் -20 டிகிரியில் வைக்கிறோம். ஒரு குழலை ஒருமுறைதான் உருக்குவோம். குலுக்காமல், மெல்லக் கவிழ்த்துக் கலப்போம். மிச்சத்தைக் கொட்ட எனக்கு இன்றும் மனம் வருவதில்லை, ஆனாலும் கொட்டிவிடுகிறேன்.