பழைய டெஸ்க்டாப்பின் டிவிடி ரைட்டருக்கு ஃபர்ம்வேர் அப்டேட் செய்வது எப்படி?

புது டிஸ்க்கைப் போட்டால் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கிறது. சுற்றும் சத்தம் இரண்டு மூன்று முறை எழும்பி அடங்குகிறது. கடைசியில் டிரைவில் டிஸ்க்கே இல்லை என்கிறது கணினி. இல்லாவிட்டால், 16எக்ஸ் என்று அச்சடித்த டிஸ்க்கில் 4எக்ஸ் வேகத்துக்கு மேல் எழுத மாட்டேன் என்கிறது. உங்கள் ரைட்டரும் இப்படி அடம்பிடித்தால், கழற்றி எறிவதற்கு முன் ஃபர்ம்வேரைப் பார்த்துவிடுங்கள்.

ஃபர்ம்வேர் என்பது ரைட்டருக்குள்ளேயே ஒரு சிப்பில் இருக்கும் மென்பொருள். விண்டோஸில் போடுகிற டிரைவர் வேறு, இது வேறு. ஒவ்வொரு வெற்று டிஸ்க்கிலும் அதைத் தயாரித்தவரின் குறியீடு முன்கூட்டியே பதிந்திருக்கும். அதைப் படித்ததும் ரைட்டர் தன் ஃபர்ம்வேரில் உள்ள பட்டியலைப் பார்க்கும்: இந்த டிஸ்க்குக்கு லேசர் எவ்வளவு சக்தி, என்ன வேகம் என்று. ரைட்டருக்குப் பிறகு வந்த டிஸ்க் அந்தப் பட்டியலில் இருக்காது. அப்போது பொதுவான ஓர் அமைப்பை வைத்து மெதுவாக எழுதும், அல்லது கைவிரித்துவிடும். அப்டேட் செய்யும்போது பெரும்பாலும் இந்தப் பட்டியல்தான் புதுப்பிக்கப்படுகிறது.

ஆகவே, முன்பு நன்றாக ஓடிய சிடிகளும் இப்போது ஓடவில்லை என்றால் கோளாறு ஃபர்ம்வேரில் இல்லை. லென்ஸில் தூசு, தளர்ந்த கேபிள், ஓய்ந்துபோன லேசர், இவற்றில் ஒன்றாக இருக்கும்.

முதலில் ஒரு சின்னச் சோதனை

அகலமான பட்டைக் கேபிளில் இணைந்த ஐடிஇ ரைட்டரும் விண்டோஸ் எக்ஸ்பியும் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இது. தரவுப் பரிமாற்றத்தில் பிழைகள் தொடர்ந்து சேர்ந்தால் எக்ஸ்பி அந்த டிரைவை வேகமான டிஎம்ஏ முறையிலிருந்து படிப்படியாக இறக்கி, கடைசியில் மெதுவான பிஐஓ முறைக்குத் தள்ளிவிடும். 16எக்ஸ் வேகத்தில் டிவிடி எழுத நொடிக்கு சுமார் 22 எம்பி தேவை. பிஐஓ முறையின் உச்சமே 16.7 எம்பிதான். எப்படி எட்டும்? டிவைஸ் மேனேஜரில் ஐடிஇ கன்ட்ரோலர் பகுதிக்குப் போய், ரைட்டர் இருக்கும் சேனலின் அட்வான்ஸ்டு செட்டிங்ஸைத் திறந்து பாருங்கள். பிஐஓ என்று இருந்தால் அந்தச் சேனலை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் அதைப் புதிதாகக் கண்டுபிடித்துக்கொள்ளும். பலருக்கு வேலை இதோடு முடிந்துவிடும்.

மாடலைக் கண்டுபிடிப்பது

உண்மையான வேலை இதுதான். ஃபர்ம்வேரை ஏற்ற ஓரிரு நிமிடம் போதும். சரியான மாடலைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் செலவழித்தாலும் தப்பில்லை.

டிவைஸ் மேனேஜரில் ரைட்டரின் பெயர் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், டீட்டெயில்ஸ், ஹார்டுவேர் ஐடிஸ் என்று போங்கள். நீளமாக ஒரு வரி வரும்: நிறுவனம், மாடல், வரிசையாக அடிக்கோடுகள், கடைசியில் பெரும்பாலும் நான்கு எழுத்துகள். அந்த நான்குதான் இப்போதைய ஃபர்ம்வேர் பதிப்பு. முழு வரியையும் அப்படியே காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பெயர் எச்எல்-டிடி-எஸ்டி என்று தொடங்கினால் அது ஹிட்டாச்சியும் எல்ஜியும் சேர்ந்து நடத்திய நிறுவனத்தின் ரைட்டர். டிஎஸ்எஸ்டிகார்ப் என்றால் தோஷிபாவும் சாம்சங்கும்.

ஒருமுறை மாடலின் கடைசி எழுத்தைக் கவனிக்காமல் கோப்பை இறக்கி ஓடவிட்டேன். அப்டேட் நிரல் 'இது என் டிரைவ் இல்லை' என்று மறுத்துவிட்டதால் தப்பித்தேன். டிஸ்க்கின் மேல்பக்கத்தில் லேசராலேயே படம் வரையும் லைட்ஸ்கிரைப் வசதி இருப்பதும் இல்லாததும் அந்த ஓர் எழுத்தில்தான் வேறுபட்டன. எல்லா நிரலும் இப்படிக் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம்.

கணினியோடு சேர்ந்தே வந்த ரைட்டர் என்றால், கோப்பை அந்தக் கணினி நிறுவனத்தின் தளத்தில் கணினி மாடலை வைத்துத் தேடுங்கள். இல்லையென்றால் ரைட்டர் தயாரித்தவரின் தளம். 'எல்லா டிரைவரையும் அப்டேட் செய்கிறோம்' என்று கூவும் நிரல்கள் பக்கம் போகாதீர்கள். ஏற்கெனவே உங்களிடம் இருப்பதே கடைசிப் பதிப்பு என்றால் திரும்ப ஏற்றுவதில் பயனில்லை.

ஏற்றுவது

டிரேயைத் திறந்து பாருங்கள். உள்ளே டிஸ்க் இருக்கக் கூடாது. கோப்பை ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள், வைரஸ் சோதனை செய்துவிட்டு ஆன்டிவைரஸைத் தற்காலிகமாக நிறுத்துங்கள், டிஸ்க் எழுதும் நிரல்கள் எல்லாவற்றையும் மூடுங்கள். ஸ்லீப் முறையையும் அணைத்துவிடுங்கள். யுபிஎஸ் இருந்தால் நல்லது, ஏனென்றால் பாதியில் மின்சாரம் போவதுதான் இதில் பெரிய ஆபத்து. ரைட்டரை யுஎஸ்பி அடாப்டர் வழியாக மாட்டி இதைச் செய்ய வேண்டாம். மதர்போர்டில் நேரடியாகவே இருக்கட்டும்.

நிரலை அட்மினிஸ்ட்ரேட்டராக ஓடவிட்டால் மாடலையும் இப்போதைய பதிப்பையும் காட்டும். காகிதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு டிரைவ்கள் இருந்தால் எதைத் தேர்ந்திருக்கிறது என்று இன்னொரு முறை பாருங்கள். சரி, இப்போது ஸ்டார்ட்.

அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். விளக்கு மினுக்கும், திரை சில நொடிகள் உறைந்த மாதிரி நிற்கும். பதறி டிரே பட்டனையோ ரீசெட் பட்டனையோ அழுத்திவிடாதீர்கள். முடிந்தது என்று செய்தி வந்ததும் கணினியை முழுதாக ஷட் டவுன் செய்து, சுவிட்சையும் அணைத்து, அரை நிமிடம் கழித்துப் போடுங்கள். வெறும் ரீஸ்டார்ட் செய்தால் ரைட்டருக்கு மின்சாரம் நிற்காது.

மறுபடி ஹார்டுவேர் ஐடிஸில் அந்த நான்கு எழுத்துகள் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள். மாறியிருந்தால், முன்பு அடம்பிடித்த அதே வகை டிஸ்க்கில் ஏதாவது எழுதிப் பாருங்கள், எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும் வெரிஃபை தேர்வோடு.

ரைட்டரே காணாமல் போனால்

பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கும் மதர்போர்டின் அமைப்புத் திரைக்குள், போய்ப் பாருங்கள். அங்கே பெயர் வந்து விண்டோஸில் மட்டும் வரவில்லை என்றால், பழைய எழுதும் நிரல்கள் விட்டுச்சென்ற அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்ற பதிவுகளை ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் இடம்) சந்தேகிக்கலாம். சிடி டிரைவ்களுக்கான பகுதியில் இருப்பவற்றை மட்டும், பேக்கப் எடுத்துவிட்டு நீக்குங்கள். பயாஸில் பெயர் கோணல்மாணலாக வந்தால் சில நிரல்களில் மறுபடி ஏற்றிப் பார்க்க முடியும். பயாஸிலும் சுத்தமாக இல்லையா? கேபிளைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். அதற்கும் வரவில்லை என்றால் வேறு ரைட்டர்தான். வாங்குவதற்கு முன் கேபினெட்டைத் திறந்து, மதர்போர்டில் ஒல்லியான கேபிள் மாட்டும் சாட்டா இணைப்பு இருக்கிறதா, பட்டைக் கேபிள் மட்டும்தானா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.